கடற்கரைப் பாட்டு ஒன்றை வைத்து எதுகை முதல் தற்குறிப்பேற்றம் வரை நடத்துவது எப்படி?

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எதுகை, மோனை, உவமை, உருவகம் எல்லாவற்றையும் கடற்கரையைப் பற்றிய ஒரே பாட்டை வைத்து நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறார்கள் என்பது உங்கள் குறை.

தாராளமாக முடியும். ஆனால் நாம் வழக்கமாகப் போகும் வழியைத் திருப்பிப் போட வேண்டும். நாம் முதலில் அணியின் பெயரைச் சொல்கிறோம், பிறகு இலக்கணம், பிறகு சான்று. குழந்தைக்கு அது வேட்டைக்குப் போகும் முன்பே மிருகத்தின் படத்தை மனப்பாடம் செய்வது மாதிரி. நான் செய்வது வேறு. பாட்டிலிருந்து அணியை உருவி எடுத்துவிட்டு வெறும் வரியைப் படித்துக் காட்டுவேன். எது காணோம் என்று கேட்பேன். காணாமல் போனதை அவர்கள் சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு பெயர் உண்டு என்று சொல்வேன். எழுதுபலகையில் அணியின் பெயர் ஏறுவது எப்போதும் கடைசியில்தான்.

இதற்காக நானே கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. தளை தட்டும் இடங்கள் உண்டு, யாப்பில் கறாரானவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வந்தது வந்தது வெள்ளை அலை,
வாயில் நுரையுடன் துள்ளும் அலை;
முந்திய அலையை முட்டித் தள்ளி
மூச்சு வாங்கச் சாயும் அலை.

காலின் கீழே குறுகுறு என்று
கள்ளனைப் போல மண்பறிக்கும்;
மேலே பாய்ந்து பிடிப்பதற் குள்ளே
மெல்லப் பின்போய்ப் பல்லிளிக்கும்.

நண்டுக் குஞ்சு குடுகுடு என்று
நனைமணல் சிலேட்டில் எழுதிவிடும்;
கண்டு படிக்கக் குனியும் முன்னே
கடலலை வந்து கழுவிவிடும்.

வீட்டுக்குப் போக எழுந்தது கண்டோ
விடாமல் அலைகள் ஓடிவரும்?
கேட்டுப் பார்க்கும், "இன்னும் கொஞ்சம்!"
கெஞ்சிக் கெஞ்சித் தேடிவரும்.

முதல் நாள் இதைச் சத்தமாகப் படிப்பதோடு சரி. மூன்று முறை படியுங்கள். மூன்றாவது முறை பிள்ளைகளே தாளம் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது ஒரு குறும்பு செய்யுங்கள். "வந்தது பார் வெண்ணிற அலை, நுரையை வாயில் கொண்ட அலை" என்று மாற்றிப் படியுங்கள். பொருள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் தட்டிக்கொண்டிருந்த கை தடுமாறும். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "நல்லா இல்ல" என்பார்கள். அன்றைக்கு அது போதும். ஏன் நன்றாக இல்லை என்பது மறுநாள் வேலை.

மறுநாள் ஆளுக்கொரு தாளில் பாட்டை எழுதச் சொல்லுங்கள். எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒரே நேராகத் தொடங்க வேண்டும். பிறகு தாளைச் செங்குத்தாக மடித்து, ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்து மட்டும் வெளியே தெரியும்படி செய்யுங்கள். வந், வாயி, முந், மூச். காலி, கள், மேலே, மெல். நண், நனை, கண், கட. வீட், விடா, கேட், கெஞ். இதை மேலிருந்து கீழாகப் பார்த்ததும் வகுப்பில் சத்தம் கிளம்பும். முதல் எழுத்தைப் பார்க்கிறவன் "வ வா, மு மூ, கா க, மே மெ, சோடி சோடியா இருக்கு!" என்பான். இரண்டாவது எழுத்தைப் பார்க்கிறவள் "ந் ந், ஒண்ணு விட்டு ஒண்ணு" என்பாள். முன்னது மோனை, பின்னது எதுகை. நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பெயர்களை எழுதிப் போடுவது மட்டும். பக்கத்துப் பக்கத்து வரியை மோனை பிடித்துக்கொள்கிறது, ஒன்றாம் வரியையும் மூன்றாம் வரியையும் எதுகை பிடித்துக்கொள்கிறது. பாய் முடைவது போல என்று சொல்லலாம்.

தாளை மறுபக்கம் மடித்தால் வரிகளின் கடைசி தெரியும். அலை, அலை. பறிக்கும், இளிக்கும். எழுதிவிடும், கழுவிவிடும். ஓடிவரும், தேடிவரும். இது இயைபு. இதற்கு மேல் இயைபுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு அது சினிமாப் பாட்டிலேயே பழகிவிட்டது.

எதுகையில்தான் சிக்கல் வரும். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் எதுகை என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே ஒரு பிள்ளை "கடல், பாடல்" என்று சொல்லும். ட இரண்டிலும் இருக்கிறதே! இங்கே அவசரப்பட்டுத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். க குறில், பா நெடில். முதல் எழுத்தின் அளவு ஒத்தால்தான் எதுகை காதில் விழும். கடல், படகு, மடல், திடல் ஒரு கூட்டம். பாடல், ஆடல், கூடல் வேறு கூட்டம். இந்த விதியை வாயால் சொல்வதைவிட இரண்டு கூட்டத்தையும் எழுதுபலகையின் இரண்டு பக்கத்தில் எழுதி, அலை, வலை, தலை, காலை, மாலை, பாலை என்று புதுச் சொற்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது மேல். பாட்டில் 'காலின்' என்பதும் 'மேலே' என்பதும் வருகின்றனவே, லியும் லேயும் வேறு வேறு எழுத்துதானே என்று கேட்கும் பிள்ளையும் இருக்கும். நல்ல கேள்வி. மெய் ஒன்றாக இருந்து உயிர் மாறினாலும் ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு வருக்க எதுகை என்று பெயர்.

மோனையில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே எழுத்து வந்தால்தான் மோனை என்று இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ உறவுக்காரர்கள். ஆகவே "மணல், வலை" ஒரே மாதிரி கேட்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் அதன் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை என்று போகும் ஏழு வகைகளை இந்த வயதில் தொடவே வேண்டாம். எதற்கு அவசரம்?

அடுத்து, பாட்டில் இரண்டு தடவை வரும் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். 'வந்தது வந்தது', 'குறுகுறு', 'குடுகுடு', 'கெஞ்சிக் கெஞ்சி' என்று நான்கும் ஒரே குவியலாக வரும். இப்போது ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை அழியுங்கள். 'வந்தது வெள்ளை அலை' நிற்கிறது. 'கெஞ்சித் தேடிவரும்' நிற்கிறது. 'காலின் கீழே குறு என்று'? பிள்ளைகள் சிரிப்பார்கள். பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர், பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. இவை அணி அல்ல, சொல்லிலக்கணம் என்று யாராவது திருத்துவார்கள். சரிதான். ஆனால் பாட்டின் சுவையில் இவற்றுக்குப் பாதிப் பங்கு, விட மனம் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் தங்குங்கள். இரட்டைக்கிளவி என்றால் ஒலிக்குறிப்பு என்று மட்டும் பல பயிற்சித் தாள்களில் போட்டுவிடுகிறார்கள். 'குறுகுறு' எந்தச் சத்தமும் இல்லை. அலை பின்வாங்கும்போது குதிகாலைச் சுற்றி நீர் மணலை அரித்துக்கொண்டு போகும், பாதம் மெல்லப் புதையும், உள்ளங்காலில் ஓர் உணர்ச்சி வரும். அதற்குத்தான் அந்தச் சொல். தமிழில் தொடுவதற்கும் பார்ப்பதற்கும் மோப்பதற்கும்கூட இரட்டைக்கிளவி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையில் நிற்பதாக நினைக்கச் சொல்லி, உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பல்லில் அகப்பட்ட மணல் நறநற. காற்று சிலுசிலு. உப்புக்காற்று பட்ட கை பிசுபிசு. காயும் சிப்பி பளபள. வெயில் முதுகில் சுரீர், அது இரட்டை இல்லை, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். கடலையே பார்த்திராத பிள்ளைகள் என்றால் ஒரு அகலமான தட்டில் ஈர மணலைப் பரப்பி, உள்ளங்கையை அழுத்தி வைக்கச் சொல்லி, விரல்களைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிச் சாய்த்து வடியுங்கள். குறுகுறு என்றால் என்ன என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இனி உவமை. இங்கேதான் அணியை உருவும் வித்தை நன்றாக எடுபடும். "காலின் கீழிருந்த மணலை அலை கொண்டு போனது" என்று எழுதுங்கள். என்ன காணோம்? "திருட்டைக் காணோம்" என்று ஒரு பையன் சொன்னான். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. அலை மணலை எடுப்பது இரண்டு வரியிலும் இருக்கிறது. நமக்குத் தெரியாமல் எடுத்தது, எடுத்துவிட்டு நழுவியது, நம்மை ஏமாளியாக்கியது, இவை எல்லாம் 'கள்ளனைப் போல' என்ற ஒரு சொல்லோடு வந்தவை, அதோடு போய்விட்டவை.

கள்ளனை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வைக்கச் சொன்னேன். பூனை வந்தது, எலி வந்தது. பின்பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி "அம்மாவைப் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். "நான் தூங்கினதும் கையில இருக்குற பொம்மையை அம்மா அப்படித்தான் மெதுவா எடுப்பாங்க" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. செயல் அதே செயல், உவமை மாறியதும் அலையின் குணமே மாறிவிட்டது. அன்றைக்கு உவமையைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை, தேவைப்படவில்லை.

பிள்ளைகளை உவமை சொல்லச் சொன்னால் பெரும்பாலும் நிறத்திலேயே நிற்பார்கள். நுரை பால் போல, நுரை பஞ்சு போல. இதற்கு மருந்து தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அதில் உவமையைப் பேசும் உவமவியலின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழிகளைச் சொல்லிவிடுகிறார். மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். பால் போன்ற நுரை உரு. காது போன்ற சிப்பி மெய். கலங்கரை விளக்கம் போல வழிகாட்டும் ஆசிரியர் பயன். கள்ளனைப் போன்ற அலை வினை. நான்கையும் எழுதிப் போட்டு, "இன்றைக்கு நிறத்துக்கு விடுமுறை, வினையில் மட்டும் உவமை சொல்லுங்கள்" என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். நுரை என்ன செய்கிறது? வருகிறது, பரவுகிறது, சட்டென்று மறைகிறது. "மிஸ் உள்ளே வந்ததும் அடங்குற பேச்சு மாதிரி" என்று ஒருவன் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. போல என்ற சொல்லைக் கண்டதும் உவமை என்று வட்டம் போடும் பழக்கம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். "இன்று மழை வரும் போல", "நீ சொன்னது போலச் செய்தேன்". இவற்றில் உவமையே இல்லை. இரண்டு பொருள்கள் இருக்கிறதா, இரண்டுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போல, புரைய, ஒப்ப, உறழ என்று நீளும் உவம உருபுப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் இந்த வயதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உருவகத்துக்கு 'நனைமணல் சிலேட்டு'. நடுவில் 'ஆகிய' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: மணலாகிய சிலேட்டு. மணல் சிலேட்டு போல இருக்கிறது என்று பாட்டு சொல்லவில்லை, சிலேட்டாகவே ஆக்கிவிட்டது, அதனால்தான் நண்டு அதில் எழுதுகிறது, அலை அதைக் கழுவுகிறது. உவமை ஒரு வரியில் முடிந்துவிடும், உருவகம் அடுத்த வரிக்கும் வேலை வைக்கும். இப்போது சொற்களை இடம் மாற்றுங்கள்: சிலேட்டு மணல். இது சிலேட்டு போன்ற மணல், உவமைத்தொகை. மலர்முகம், முகமலர் என்று பாடநூல்களில் குழம்பும் அதே இடம்தான். எது பின்னால் நிற்கிறதோ அதுதான் பொருள் என்று பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும்: மலர்முகத்தில் இருப்பது முகம், முகமலரில் இருப்பது மலர். சிலேட்டையே பார்த்திராத பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கு இந்த உருவகம் செத்த உருவகம். எதில் எழுதி எதில் அழிக்கிறார்களோ அதை வைத்து மாற்றச் சொல்லிவிடுங்கள்.

முதல் பத்தியில் அலைக்கு வாய் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. இரண்டாவதில் பல்லைக் காட்டுகிறது. "வாயில் நுரையோடு ஓடி வருவது யார்?" என்று கேளுங்கள். குதிரை என்பார்கள், காளை என்பார்கள். "பல் தேய்க்கும்போது அம்மா கூப்பிட்டா நானும்தான்" என்று ஒரு குரல் கண்டிப்பாக வரும். எல்லாமே சரி. உயிரில்லாத ஒன்றுக்கு உயிருள்ளதன் செயலைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காம் பத்திதான் கடினம், எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அலை உண்மையில் ஏன் வருகிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். காற்று கடலின் மேற்பரப்பை உந்துகிறது, அந்த அசைவு பரவிப் பரவிக் கரை வரை வந்து உடைகிறது. நாம் வீட்டுக்குப் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். இது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் "எழுந்தது கண்டோ" என்ற சொல்லில் கவிஞன் தன் காரணத்தைக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறான் என்பது உறைக்கும். இயல்பாக நடப்பதன் மேல் தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம், பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைவதை, வராதீர்கள் என்று கை காட்டுவதாக இளங்கோ சொல்லும் இடத்தை இத்தோடு சேர்த்துச் சொல்லலாம். அங்கே வராதே என்கிறது கொடி, இங்கே போகாதே என்கிறது அலை. ஒன்று வரவிடாமல் தடுக்கிறது, மற்றது போகவிடாமல்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பல்லிளிப்பதும் தற்குறிப்பேற்றம்தானே? நான் பிரித்துச் சொல்வது இப்படி: அலை என்ன செய்கிறது என்று மட்டும் சொன்னால் உயிரில்லாததற்கு உயிருள்ளதன் செயலைக் கொடுக்கும் முதல் வகை, ஏன் செய்கிறது என்று இல்லாத காரணம் ஒன்றைச் சொன்னால் தற்குறிப்பேற்றம். பத்து வயதுக்கு இது போதும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் இந்தப் பத்தியைப் பாடிவிட்டு விட்டுவிடுங்கள், ஓசையோடு நிறுத்திக்கொள்வதில் குற்றமில்லை.

மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்கு இந்தப் பாட்டில் இடமில்லை. கவலைப்படாதீர்கள், அலையைப் பற்றி எழுதச் சொன்னால் வானத்தைத் தொடும் அலை முதல் நாளே வந்துவிடும்.

எழுதச் சொல்லும்போது 'கடற்கரை பற்றி ஒரு கவிதை எழுதுக' என்று மட்டும் கொடுக்காதீர்கள். அழகு, இனிமை, அற்புதம் என்ற மூன்று சொற்கள்தான் திரும்பி வரும். இரண்டே வரி கேளுங்கள். ஒரு இரட்டைக்கிளவி இருக்க வேண்டும், பால், பஞ்சு, முத்து கூடாது. இப்படிக் கேட்டபோது ஒருத்தி எழுதிக் கொடுத்தது:

காற்றும் பிசுபிசு, கையும் பிசுபிசு,
கடல்தான் என்மேல் ஒட்டிக்கிச்சு.

மோனை தானாக விழுந்திருக்கிறது. 'ஒட்டிக்கிச்சு' பேச்சுவழக்கு, ஒட்டிக்கொண்டது என்று திருத்தலாமே என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். திருத்திப் படித்துப் பார்த்தோம். இருவருமே பழையபடி மாற்றிவிட்டோம்.

தேர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அணி இலக்கணம், சான்று, பொருத்திக் காட்டல் என்ற முறையில்தான் விடை எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பாடநூல் சான்றையே எழுதட்டும். தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு வகுப்பு ஒதுக்கினால் போதும். பாடநூல் சான்றையும் அதே மாதிரி அணியை உருவிவிட்டு உரைநடையில் எழுதச் சொல்லுங்கள். "அணி இல்லாமல் எழுதினால் இப்படி இருக்கும், அணியோடு இப்படி இருக்கிறது" என்று அவர்கள் எழுதும் இரண்டு வரிகள்தான் பொருத்திக் காட்டல் என்ற பகுதிக்கு வேண்டியவை.